முகத்தை மூடிக்கொண்டு ஒரு வகுப்பு

ஊரில் போர் முடிவுக்கு வந்துகொண்டிருந்த அந்த வசந்தத்தில், கடல் கடந்து வந்து நான் குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுணில் என் வீட்டுக் கதவைத் தட்டினாள், என்னை ஆங்கில வகுப்பிலிருந்து துரத்தியவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஆனாலும் அவளை 'அவர்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

நான் நிகாப் அணிகிறவள். இரண்டு மாதமாக வகுப்பில் அது யாருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை. பிறகு முகத்திரையைத் தடை செய்ய வேண்டுமா என்று அரசியல்வாதிகள் தொலைக்காட்சியில் வாதாடத் தொடங்கினார்கள். அடுத்த கிழமையே இவள் ஒரு தாளோடு மேசை மேசையாகப் போனாள். முகம் தெரியாத ஆளோடு ஒரே அறையில் இருக்கப் பயமாக இருக்கிறது என்று எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினாள். ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, முகத்தைத் திறந்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் இடமில்லை என்றார். அறையில் ஐந்து ஆண்கள் இருந்தார்கள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிள்ளைகள் காப்பகத்தில் எனக்குக் கிடைக்கவிருந்த வேலைக்கு அந்த வகுப்பின் சான்றிதழ் தேவைப்பட்டது. வேலையும் போயிற்று. சிறு வயதில் எங்கள் முஸ்லிம் சனத்தைத் தமிழ் இயக்கம் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றியபோது நான் அழுதேன். இந்த முறை அழவில்லை, கறுவினேன்.

இப்போது அவளுக்கு என் துணி தேவைப்பட்டது. போரை நிறுத்தச் சொல்லி நடக்கும் ஊர்வலங்களுக்குத் தினமும் போகிறாளாம். அங்கே யாரோ படம் எடுக்கிறார்களாம். தம்பி கொழும்பில். அக்காவின் முகம் படத்தில் தெரிந்தால் அரசாங்கத்து ஆட்கள் அவனைப் பிடித்துவிடுவார்கள் என்று பயந்தாள். கம்பளிச் சால்வையால் முகத்தைச் சுற்றினால், கோஷம் போடும்போது வழுகி விழுகிறதாம்.

"தங்கச்சி, உங்களை மாதிரி வழுகாமல் கட்டிவிடுவீங்களோ?"

"கட்டிவிடுறன். ஆனா முதல்ல ஒருநாள், என்னை மாதிரியே முகத்தை மூடிக்கொண்டு வகுப்பில இருந்திட்டு வாங்கோ."

அவள் வேறு வழியில்லாமல் சம்மதித்தாள்.

மறுநாள் காலை உள்துணியை நெற்றியில் இறுக்கி, மேல்துணியை இரண்டு காதுக்கும் மேலே ஊசி குத்தி, பின்னால் முடிச்சுப் போட்டுவிட்டேன். ஊசி தோலில் பட்டு அவள் துடித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்ப்பதையும், ஆசிரியை அவளை வெளியே கூப்பிடுவதையும், அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தலைகுனிந்து வருவதையும் நினைத்து நினைத்துப் பார்த்தேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்தது.

பின்னேரம் அவள் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"ரீச்சர் நல்ல மனுசி. தம்பியின்ர விசயத்தைச் சொன்னன். கழட்ட வேண்டாம், பயப்பிடாமல் இருங்கோ எண்டு சொல்லிப்போட்டா. மற்ற ஆக்களும் ஒண்டும் சொல்லேல்லை."

மூடிய முகத்தை அந்த வகுப்பால் பொறுத்துக்கொள்ள முடிந்திருக்கிறது. என்னுடையதைத்தான் முடியவில்லை. பயத்துக்காக மூடினால் பரிதாபம், படைத்தவனுக்காக மூடினால் ஆபத்து. பயமாக இருக்கிறது என்று கையெழுத்து வைத்தவர்கள் அவளுக்குப் பக்கத்தில் மூன்று மணி நேரம் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். என்னிடம் ஏன் என்று ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் அவமானப்பட வேண்டும் என்று நான் அனுப்பினேன், அவள் உபசாரம் பெற்று வந்திருந்தாள்.

வீட்டில், பெண்களுக்கு முன்னால், நான் முகத்தை மூடுவதில்லை. என் முகம் அவளுக்கு எதிரில் திறந்துதான் இருந்தது. அதில் என்ன இருந்தது என்று அவள் கவனிக்கவேயில்லை. துணியை மடித்து என் கையில் தந்தாள். நாளைக்குப் பெரிய ஊர்வலம், காலையில் வருகிறேன், கட்டிவிட வேண்டும் என்றாள். நான் ஓம் என்றேன்.

காலையில் வந்தாள். கதவுத் துளையால் பார்த்தேன். கழுத்தில் அந்தக் கம்பளிச் சால்வை தொங்கியது. முதலில் மெதுவாகத் தட்டினாள், பிறகு உள்ளங்கையால் அடித்தாள்.

"தங்கச்சி, பஸ் போகப்போகுது."

துணியும் ஊசிகளும் என் கையில் இருந்தன. நான் கதவைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் லிப்ட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் போய்விட்டாள்.

ஆறு மணிச் செய்தியில் அவளைக் காட்டினார்கள். முன்வரிசையில் நின்று வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தாள். சால்வை தோளில் கிடந்தது. மற்றச் சானலில் இன்னும் கிட்டவாகக் காட்டினார்கள். அதையும் பார்த்தேன். தம்பிக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை நான் ஒருவரிடமும் கேட்கவில்லை.