எச்சில் தொட்ட பக்கங்கள்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். சிரித்துவிட்டுச் சும்மா இருக்கவும் மாட்டேன். கதை சொன்னவன் வீட்டுக்குப் போகிற வழியில் பனைக்குப் பின்னால் நின்று ஊளையிட்டு அவனை ஓடவும் வைத்திருக்கிறேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, நானாக இருந்தால் இன்னும் பலமாகச் சிரித்திருப்பேன். ஆனால் இது பட்டப்பகலில், கச்சான் காற்று கொதிக்கக் கொதிக்க அடித்த ஒரு நாளில் நடந்தது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

எங்கள் ஊர் மட்டக்களப்புக்குத் தெற்கே செட்டிபாளையம் பக்கம், கிழக்கே கடல், மேற்கே வாவி. சுனாமி வந்தபோது வாசிகசாலைக்குள் கூரை வரை தண்ணீர் ஏறி இறங்கியது. அன்றைக்குக் கதவைப் பூட்டியவர்கள் பிறகு திறக்கவே இல்லை. வீடு கட்டுவதா, புத்தகம் காய வைப்பதா? அதற்குள் சண்டையும் மறுபடி தொடங்கிவிட்டது. ஐந்து வருஷம் கழித்து, சண்டை எல்லாம் முடிந்த பிறகு, வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர் சிலர் புத்தகம் அடுக்க மூன்று றாக்கைகள் செய்து அனுப்பினார்கள். அப்போதுதான் வாசிகசாலைச் செயலாளர் சிவம் அண்ணன் அந்தப் பூட்டின் திறப்பைத் தேடி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"டேய், ஒரு றாக்கைக்கு வாழ்க்கைக் கதை, ஒண்டுக்குப் பேய்க்கதை, மத்ததுக்கு ராசாக்கதை. சனம் வாசிக்கிறது இந்த மூண்டுந்தான். பழசுக்குள்ள நல்லதாப் பாத்து எடு. மிச்சத்தப் பின்னுக்குக் கொண்டுபோய்க் கொளுத்து."

"அண்ணன், நான் ஒன்பதாம் வகுப்பில ஓடி வந்தவன்."

"அதுதான் உன்னக் கூப்பிட்ட. படிச்சவன் எண்டா இருந்து வாசிக்கத் தொடங்கிருவான். வேலை நடக்காது."

கதவைத் திறந்ததும் வந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது? அழுகின மீனைச் சாக்கில் கட்டி, அந்தச் சாக்கை ஈரத் தலையணைக்குள் வைத்துத் தைத்து, அந்தத் தலையணையில் முகத்தைப் புதைத்தால் எப்படி இருக்கும், அப்படி. மூக்கையும் வாயையும் சேர்த்து லேஞ்சியால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போனேன். சேற்றில் ஊறிக் காய்ந்த புத்தகங்கள் செங்கல்லாகிக் கிடந்தன. ஒன்றைப் பிரித்தால் கரப்பான் முட்டை, இன்னொன்றைப் பிரித்தால் பல்லியின் எலும்புக்கூடு. ஒரு சமையல் புத்தகத்துக்குள் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மீன்குஞ்சு, கண் திறந்தபடி, அப்பளம் போலக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சில பக்கங்களில் கறுப்புப் பூஞ்சணம் மயிர் முளைத்த மாதிரி நின்றது. தொட்டால் விரலில் பொடியாக ஒட்டியது. காலையில் சாப்பிட்ட பிட்டு தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

புத்தக மட்டைகள் எல்லாம் உரிந்து போயிருந்ததால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். நாலு வரி பார்ப்பேன். குதிரை வந்தால் ராசாக்கதை. பாழுங்கிணறு வந்தால் பேய்க்கதை. "நான் பிறந்தது" என்று தொடங்கினால் வாழ்க்கைக் கதை. குதிரை கிணற்றில் விழுகிற ஒரு கதையும் வந்தது. அதை இரண்டு குவியலுக்கும் நடுவில் வைத்தேன்.

அடுத்துக் கையில் வந்தது ஒரு கட்டு நினைவு மலர்கள். எங்கள் பக்கம் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு ஒரு சின்னப் புத்தகம் அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். முதலில் பிள்ளையார், பிறகு செத்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், நன்றி நவிலல். மிஞ்சுகிற பிரதியை வாசிகசாலைக்குக் கொடுத்துவிடுவார்கள். பிறந்த கதை இருப்பதால் இது வாழ்க்கைக் கதை, ஆள் செத்ததால் பேய்க்கதை, பழைய ஆளின் சரித்திரம் என்பதால் ராசாக்கதை. மூன்று றாக்கையும் சண்டை பிடிக்கும் என்று எனக்கு நானே பகிடி விட்டுக்கொண்டு, முழுக்கட்டையும் தூக்கிப் பின்வளவில் தேங்காய் மட்டைக் குவியலுக்கு மேல் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டேன்.

கொளுத்திக் கால்மணி நேரம் இருக்காது, பூமணி மாமி வந்து வாசலில் நின்றார்.

மாமியின் ஒரே மகள் வசந்தி என்னோடு படித்தவள். சுனாமியில் போனாள், உடல் கிடைக்கவில்லை. வீடும் போனதால் அவளுடைய ஒரு படம்கூட மிஞ்சவில்லை.

"மனே, எங்கட ஐயாட முப்பத்தொண்டுக்கு அடிச்ச புத்தகம் இதுக்குள்ள கிடக்கும். நாந்தான் கொண்டு வந்து குடுத்த. நடுப்பக்கத்தில குடும்பமா நிக்கிற படம் இரிக்கு. அதில வசந்தி நிக்கிறாள்."

என் கண் பின்கதவுப் பக்கம் போனது.

"வருசா வருசம் கடற்கரையில எல்லாரும் புள்ளைகள்ற படத்த வச்சு விளக்குக் கொளுத்துறாங்க. நான் மட்டும் பேர எழுதி வைக்கிறன். அவள்ற முகம் எனக்கே மறக்கப் பாக்குதுடா."

பின்வளவில் எரிகிறது மாமி என்று சொல்ல வேண்டியதுதானே? எல்லாரையும் நக்கலடிக்கிற இந்த வாய்க்கு அந்த நேரம் பூட்டு விழுந்துவிட்டது. "வடிவாத் தேடுவம் மாமி" என்று சொன்னேன். மாமியும் சேலைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிக்கொண்டு, எனக்கு எதிரே சேற்றுத் தரையில் குந்தினார். எல்லாம் எரிந்து ஆறிய பிறகு சாம்பலைக் காட்டிக்கொள்ளலாம் என்று நான் நேரம் கடத்தினேன். என்னை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருந்தது.

சும்மா கையை ஆட்டுவதற்காக, நான் எடுத்து வைத்திருந்த வாழ்க்கைக் கதை ஒன்றை மறுபடி பிரித்தேன். யாரோ ஒரு தலைமை ஆசிரியர் எழுதியது. கீழ் மூலை ஈரமாக இருந்தது.

ஐந்து வருஷம் பூட்டிக் கிடந்த அறை. மழை பெய்து மூன்று மாதம். காலையில் நானே தட்டித் தூசி பறக்க வைத்த புத்தகம். முதல் மூன்று தாள்களின் மூலையிலும் பெருவிரல் அளவுக்கு ஈரம், நான்காவது தாளில் இருந்து ஒன்றுமில்லை. பேய்க்கதை ஒன்றை எடுத்தேன். அதிலும் அப்படித்தான், பதினொரு தாள் வரை ஈரம், பிறகு இல்லை. யாரோ ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, பிடிக்காமல் வைத்துவிட்டுப் போன மாதிரி. ராசாக்கதை ஒன்றை எடுத்தேன். அதில் ஈரம் லேசில் நிற்கவில்லை, தாள் தாளாகப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியாக நனைந்திருந்த மூலையை அமத்திப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. விரலை எடுத்தால் வெண்டிக்காயை ஒடித்தது போல நூல் வந்தது. அதைவிட மோசம், அது இளஞ்சூடாக இருந்தது.

எச்சில். நம்பினால் நம்புங்கள். தண்ணீருக்கும் எச்சிலுக்கும் வித்தியாசம் தெரியாதவன் இல்லை நான். பஸ் கொண்டக்டர் விரலை நக்கி டிக்கெட் கிழித்தால் அந்த டிக்கெட்டைக் கையால் வாங்காமல் மடியில் போடச் சொல்கிறவன். சாரத்தில் விரலைத் தேய் தேய் என்று தேய்த்தேன். முதலில் மாமியைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் மாமியின் வாய் கட்டியிருந்தது, என் வாயும் கட்டியிருந்தது, மாமி வெற்றிலை போடுகிறவர், அவர் நக்கியிருந்தால் மூலை சிவந்திருக்கும்.

எங்கள் ஊரில் இப்படி வாசிக்கிற ஆள் ஒருத்திதான் இருந்தாள். வசந்தி. நாக்கை நீட்டி, பெருவிரலை வைத்து எடுத்து, மூலையில் ஒற்றித் தாளைப் புரட்டுவாள். வாசிகசாலைப் புத்தகம் முழுவதும் அவள் எச்சில்தான். "எச்சில் ராசாத்தி" என்று கத்துவேன். "நீ தொடாத புத்தகத்துக்கு நீ ஏன்டா அழுவுற?" என்று கேட்டுவிட்டு, எனக்குக் காட்டுவதற்காகவே இன்னொரு முறை நக்குவாள்.

அதை நினைத்துக்கொண்டு புத்தகத்தைக் கீழே வைத்தேன். பின்கதவுப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது, சூடான தாச்சியில் தண்ணீர் சொட்டினால் வருமே, அந்தச் 'சுர்'. மாமியிடம் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனேன்.

நெருப்பு நன்றாகத்தான் பிடித்திருந்தது. மட்டைகள் கனன்றுகொண்டிருந்தன, நினைவு மலர்க் கட்டு வெள்ளைச் சாம்பலாக இதழ் இதழாகக் கிடந்தது. நடுவில் ஒன்று மட்டும் எரியவில்லை. அதிலிருந்துதான் நீராவி வந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிய நெருப்பு ஐயா, நானே ஊற்றினேன். தடியால் இழுத்து மண்ணில் போட்டேன். ஓரமெல்லாம் கருகி, உள்ளே ஊறிப்போய் இருந்தது. முதல் தாளின் மூலை நனைந்திருந்தது, அடுத்ததும், அதற்கு அடுத்ததும். நடுப்பக்கம் தானாகவே விரிந்தது. அதன் மூலையில் எச்சில் நுரைத்து, சின்னக் குமிழி ஒன்று மெதுவாக உடைந்தது. சூட்டில் அது காய்கிற நாற்றம், காலையில் பல் விளக்காதவன் முகத்துக்குக் கிட்ட வந்து கதைப்பது போல. லேஞ்சியை இழுத்துவிட்டு வேலி ஓரம் போய்ப் பிட்டு முழுவதையும் வாந்தி எடுத்தேன்.

பிறகு திரும்பிப் பார்த்தேன். படத்தில் கதிரையில் உட்கார்ந்தபடி மாமியின் தகப்பன், சுற்றி மக்கள் மருமக்கள். ஓரத்தில் ஒற்றைப் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு வசந்தி நின்றாள். முகத்தில் ஒரு கறைகூட இல்லை.

வேலியில் நின்ற கிளுவையில் ஒரு கொத்து இலையைப் பிடுங்கி, அதால் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

"மாமி, நாந்தான் கொளுத்தின. நீங்க வாறதுக்கு முதலே கொளுத்திப்போட்டன். இது மட்டும் எரியல்ல."

மாமி என்னைத் திட்டவில்லை. நான் சொன்னது காதில் விழுந்ததா என்றும் தெரியாது. சேலைத் தலைப்பை அவிழ்த்துவிட்டு, வெறுங்கையால் வாங்கி மடியில் விரித்தார். படத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மூலையைப் பார்த்தார். அதைத்தான் நெடுநேரம் பார்த்தார்.

"மாமி, தொடாதீங்க. ஊத்தை."

மாமி அந்த மூலையைத் தூக்கித் தன் நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, கறிக்கு உப்புப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"உப்பில்லடா மனே" என்றார். "அஞ்சு வருசமா அவள் கடலுக்குள்ள கிடக்கிறாள் எண்டுதான் நினைச்ச. உப்பே இல்லடா."

அதற்குப் பிறகுதான் அழுதார். சேலை நனைய நனைய, ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து.

சிவம் அண்ணனிடம் சொன்னபோது "ஈரச்சுவர், உப்புக்காத்து, உன்ட மண்டை" என்று மூன்று காரணம் சொன்னார். படத்தை மட்டக்களப்பில் ஒரு ஸ்டூடியோவில் பெரிதாக்கி, அந்த வருஷம் மாமி மகளுடைய முகத்தை வைத்தே விளக்குக் கொளுத்தினார். கதை இதோடு முடிந்திருந்தால் நானும் இதை மறந்து பழையபடி பகிடி விட்டுத் திரிந்திருப்பேன்.

மாமி அந்த ராசாக்கதையையும் தனக்கு வேண்டும் என்று வாங்கிப் போனார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, தான் தொட்டால் ஈரம் அழிந்துவிடும் என்று பயந்து, கிழமைக்கு ஒரு தடவை என்னைக் கூப்பிடுவார். "எத்தினையாம் பக்கம் போயிற்றாள் எண்டு பாரு மனே." நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடக்கையின் சுண்டுவிரலால் தாளைத் தள்ளித் தள்ளிப் பார்த்து எண்ணைச் சொல்வேன். முந்நூறு. முந்நூற்று நாற்பது. பக்க எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் மாமி அன்றைக்குச் சோறு தின்பார்.

புத்தகம் முடிந்தது. "வேற ஒண்டு கொண்டா மனே" என்றார் மாமி. வாழ்க்கைக் கதை ஒன்று கொண்டுபோய் வைத்தேன். பத்து நாள், ஒரு தாளும் நனையவில்லை. எனக்குள் இருக்கிற குரங்கு சும்மா இருக்குமா, பேய்க்கதை ஒன்று வைத்துப் பார்த்தேன். அதுவும் காய்ந்தபடியே கிடந்தது. மாமி சாப்பாட்டைக் குறைத்தார். கண் உள்ளே போனது. "அவள் கோவிச்சுக்கொண்டு போயிற்றாள்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். எனக்குப் பயம் பிடித்து, றாக்கையில் இருந்த ராசாக்கதை எல்லாவற்றையும் புரட்டி, குதிரை அதிகமாக வருகிற ஒன்றாகத் தேர்ந்தெடுத்துக் கொண்டுபோய் வைத்தேன். அடுத்த கிழமை நாற்பது தாள் நனைந்திருந்தது. மாமி அன்றைக்கு மூன்று தரம் சோறு போட்டுத் தின்றார்.

நான் புத்தகம் வாசிக்கிறவன் இல்லை, ஆனால் இன்றைக்கு எங்கள் ஊரில் புத்தகம் தேர்ந்தெடுப்பதில் என்னை விட்டால் ஆள் கிடையாது. அருவருப்பும் போகவில்லை. பார்த்து முடிந்ததும் ஒரு முழுச் சவர்க்காரம் தேய்த்துக் கையைக் கழுவுகிறேன்.

மாமியிடம் பக்க எண்ணை மட்டும்தான் சொல்கிறேன். இப்போது வைத்திருக்கிற புத்தகத்தில், அறுபதாம் பக்கத்துக்குப் பிறகு, வசந்தியோடு இன்னும் யாரோ கூட இருந்து வாசிக்கிற மாதிரி, கீழ் மூலையில் இரண்டு ஈரம் இருக்கிறது. ஒன்று வழக்கமான பெருவிரல். அதற்குப் பக்கத்தில் இருக்கிற மற்றது, ஐந்து வயதுப் பிள்ளையின் விரல் அளவு.