அத்தான் லமினேற் செய்த பதினொரு தாள்கள்

போன மாதம் நானும் மனைவியும் மொன்றியலில் ஒரு கலியாண வீட்டில் நின்றோம். தாலி கட்டி முடிந்து, தட்டோடு சாப்பாட்டு வரிசையில் நிற்கிறேன். போன் அடித்தது. அத்தான்.

"தம்பி, உன்ரை பேஸ்மன்றிலை ஹொட் வோட்டர் ராங்க் ஓட்டையாகி ஒரே வெள்ளம். நீ ஒண்டும் யோசியாதை. நான் பாத்திட்டன்."

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அஜின்கோர்ட்டில் இருக்கிறார். நாங்கள் வெளியூர் போகும்போது, ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் எங்கள் வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர் பொறுப்பு. அன்றைக்கு அவர் போனபோது நிலவறையில் சுடுதண்ணீர்த் தாங்கி தானாகவே ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

"என்ரை பெட்டியள்?" என்றேன்.

"அதைத்தான் முதல் தூக்கினனான். பதினாலு பெட்டி. ஒரு தாள் நனையேல்லை."

அந்த வரிசையில் நின்றபடியே அவரைக் கும்பிட்டிருப்பேன் — கையில் தட்டு இருந்தது.

அந்தப் பெட்டிகளில் என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே நான் அலுத்துப்போனேன். எப்போதோ மூடப்பட்ட ஒரு ஹொலிவூட் ஸ்ரூடியோவின் பழைய அலுவலகக் கடதாசிகள். நாளைக்கு எத்தனை மணிக்கு யார் வர வேண்டும் என்ற அறிவிப்புகள், உடுப்புப் பகுதியின் கணக்குத் துண்டுகள், ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு எழுதிய குறிப்புகள், திட்டுகள், சமாளிப்புகள். இருபது வருடங்களாகச் சேர்க்கிறேன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் கேட்பார்கள்.

"உதிலை ஆரும் பெரிய நடிகையின்ரை கையெழுத்து இருக்கோ?"

"இல்லை."

"அப்ப என்னத்துக்கு?"

என்னத்துக்கு? முகமே தெரியாத ஒரு கிளார்க், ஒரு திங்கட்கிழமை, ஒட்டகத்துக்குத் தீனி வரவில்லை என்று எரிச்சலோடு தட்டச்சு செய்திருப்பார். அந்த எரிச்சல் இன்னும் அந்தத் தாளில் இருக்கிறது. படத்தை மறந்துவிட்டார்கள். நடிகர்களை மறந்துவிட்டார்கள். அந்த மனிதரின் கோபம் மட்டும் என் பேஸ்மன்றில் உயிரோடு இருக்கிறது. இது எவ்வளவு பெரிய விஷயம்? சொன்னால், "ஓம் ஓம்" என்றுவிட்டு வடையை எடுப்பார்கள்.

என்னிடம் இருந்ததில் சிறந்த ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய தாள். இலங்கைக் கிராமம் ஒன்றைக் கலிபோர்னியாவில் செற் போட்ட ஏதோ ஒரு படம். செற் பகுதித் தலைவர் எழுதுகிறார்: தென்னை மரங்கள் கிடைக்கவில்லை, ஆகவே பேரீச்ச மரங்களில் தேங்காய்களைக் கம்பியால் கட்டவும். தூரத்தில் நின்று பார்த்தால் யாருக்கும் தெரியாது.

அதன் கீழே, சிவப்பு மெழுகுப் பென்சிலால், வேறொரு கை எழுதியிருந்தது: "எனக்குத் தெரியும்."

யார் அந்த ஆள்? கொழும்பிலிருந்து கப்பலேறிப் போனவரா? செற்றில் தச்சு வேலை செய்தவரா? எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இரண்டு சொற்களுக்காகவே இருபது வருடச் சேகரிப்பும் தகும் என்று நினைத்திருந்தேன்.

சரி, ஞாயிற்றுக்கிழமை வீடு வந்து சேர்ந்தோம். பெட்டிகள் பதினாலும் ஹோலில் அழகாக அடுக்கியிருந்தன. பேஸ்மன்றில் மூன்று காற்றாடிகள் சுழன்றுகொண்டிருந்தன. அத்தான் சோபாவில் ஒரு ஃபைலை மடியில் வைத்தபடி இருந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு.

"இந்தா. இனி வெள்ளம் வந்தாலும் பயமில்லை."

திறந்தேன். பதினொரு தாள்கள். பளபளவென்று... விறைப்பாக... மூலைகள் வட்டமாக வெட்டப்பட்டு... உணவகத்து மெனு மாதிரி.

லமினேற் செய்திருந்தார்.

அத்தானின் வீட்டில் ஒரு லமினேற்றிங் மெசின் இருக்கிறது. பிள்ளைகளின் ரிப்போட், கார் இன்சூரன்ஸ், கோயில் விரத நாட்காட்டி — எல்லாம் அதற்குள் போய் வந்தவைதான். அக்கா எழுதும் சாமான் லிஸ்ற் மட்டும் எப்படியோ தப்பியிருக்கிறது. பெட்டிகளில் தனியாக ஃபைல் போட்டு வைத்திருந்தவற்றைப் பார்த்து, "இதுதான் முக்கியமாக்கும்" என்று சரியாகக் கண்டுபிடித்து எடுத்துப் போயிருக்கிறார்.

பழைய தாள்களுக்குச் சூட்டில் பிளாஸ்ரிக் ஒட்டினால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. தாளும் பிளாஸ்ரிக்கும் ஒன்றாகிவிடும். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் மெழுகுப் பென்சில் என்றால் மெழுகு. சூடு பட்டால் மெழுகு என்ன செய்யும்? தேங்காய்க் குறிப்பின் கீழே ஒரு சிவப்புத் திட்டு இருந்தது. வெற்றிலைத் துப்பல் மாதிரி.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது.

"உங்களை ஆர் கேட்டது அத்தான்? தெரியாத விஷயத்திலை ஏன் கை வைக்கிறியள்? வெள்ளத்திலை போயிருந்தாலும் எனக்கு ஆரிலையும் கோவம் வந்திராது."

அவர் ஜக்கற்றை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மனைவி ஊற்றிவைத்த தேத்தண்ணி அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நட்டப்பட்டது நான். ஆனால் எல்லோரும் அத்தான் பக்கம்.

"அவர் வந்திருக்காட்டி பதினாலு பெட்டியும் கூழ். அது உங்களுக்கு விளங்கேல்லையோ?" — இது மனைவி.

"மாமா, at least you can spill coffee on them now" — இது அக்காவின் மகள். ஆறுதல் சொல்கிறாளாம்.

மிசிசாகாவில் என்னைப் போலவே பழங்கடதாசி சேர்க்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவராவது என் பக்கம் நிற்பார் என்று போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உரிக்க மட்டும் வெளிக்கிட்டிடாதை, கிழிஞ்சு போம்" என்றார். அடுத்த மூச்சில், "உன்ரை அத்தான் எங்கடை பேஸ்மன்றையும் ஒருக்கால் வந்து பாப்பாரோ?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

இரண்டு கிழமை அத்தான் வரவில்லை. போனும் இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை காலை அக்கா போன் எடுத்தாள்.

"தம்பி, உடனை வா. இவர் குசினியிலை கத்தியோடை நிக்கிறார்."

"என்ன நடந்தது?"

"உன்ரை தாள் ஒண்டை வச்சு உரிச்சுக்கொண்டு நிக்கிறார்."

பதினொன்று என்று சொன்னேன் அல்லவா? உண்மையில் பன்னிரண்டு; இருந்த கோபத்தில் ஒன்று குறைந்ததை நான் கவனிக்கவில்லை. மெசினுக்குள் கொஞ்சம் சரிந்து போனதால் ஒன்றை வெட்கத்தில் என்னிடம் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறார். இப்போது அதில் உரித்துப் பார்த்துப் பழகிவிட்டு, மற்றப் பதினொன்றையும் வந்து திருத்தித் தருவதாகத் திட்டம்.

காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். அத்தானின் ஒரு கையில் ஹெயார் ட்றையர், மறு கையில் பழம் வெட்டுகிற கத்தி. மேசையில் அந்தத் தாள் இரண்டு துண்டாக. உடுப்புப் பகுதித் துண்டு அது, அதன் நடுவாலேயே கிழிந்திருந்தது.

"உரியுதில்லை, தம்பி," என்றார், என்னைப் பார்க்காமல்.

ஹெயார் ட்றையரை வாங்கி நிறுத்தினேன். எழுபதை நெருங்கும் மனிதர். நெற்றியெல்லாம் வியர்வை.

"ஏன் அத்தான், காணுற கடதாசி எல்லாத்தையும் உப்பிடிச் செய்யிறியள்?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் உள்ளே போனார். ஒரு பழைய கவரோடு வந்தார். அதற்குள் ஒரு தாள். பழுப்பு நிறத்தில், கடல் உப்புப் படிந்து, மடிப்புகளில் இற்றுப்போய்.

"எங்கடை கலியாண எழுத்துத் துண்டு, பதிவுப் பத்திரம்," என்றார். "சண்டைக் காலத்திலை கிளாலிக் கடலாலை வரேக்கை வள்ளத்துக்குள்ளை தண்ணி. இடுப்பிலை சொப்பிங் பையிலை கட்டியிருந்தனான். அப்பிடியும் நனைஞ்சு போச்சு. இஞ்சை வந்து உன்ரை அக்காவைக் கூப்பிட ஸ்பொன்சர் பண்ணக் குடுத்தால், ஒண்டும் வாசிக்கேலாது எண்டு திருப்பி அனுப்பிட்டாங்கள். வேறை கொப்பி எடுக்க ஊரிலை பதிவுக் கந்தோரே இல்லை. ரெண்டு வருசம் கூடப் போச்சு."

அக்கா வரப் பிந்தியது எனக்குத் தெரியும். பேப்பர் பிரச்சினை என்று அத்தான் சொல்லியிருந்தார். அதற்கு மேல் நான் கேட்டதில்லை. அவர்களின் கலியாணத்துக்கு முந்தியே நான் கனடா வந்துவிட்டேன். இங்கே வேலை, வாடகை, குளிர் என்று என்பாட்டில் திரிந்தேன்.

தாளைக் கையில் வாங்கினேன். மை முழுவதும் கரைந்து நீலப் புகையாக இருந்தது. ஆனால் பழக்கம் விடுமா? போனின் டோர்ச்சைப் போட்டு, தாளின் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தேன். மை போனாலும் பேனை அழுத்திய தடம் போகாது. ஒளி சரிவாக விழுந்தால் அந்தத் தடம் நிழலாகத் தெரியும். இருபது வருடத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை.

மணமகன் பெயர் தெரிந்தது. அக்காவின் பெயர் தெரிந்தது. கீழே சாட்சிகள். இரண்டாவது சாட்சியின் கையெழுத்து... கடைசி எழுத்தை இழுத்து, அதன் அடியில் ஒரு கோடு.

அப்பாவின் கையெழுத்து.

நான் கனடா வந்து ஆறாம் வருடம் அப்பா இறந்தார். சண்டையில் ஊர் வீடு எரிந்தபோது அவருடைய கடிதங்கள், கொப்பிகள் எல்லாம் போய்விட்டன; எனக்கு எழுதியவற்றை நான் பத்திரப்படுத்தவில்லை. என்னிடம் பதினாலு பெட்டி நிறைய, யாரென்றே தெரியாத மனிதர்களின் எழுத்து இருக்கிறது. என்னைப் பெற்றவர் கையால் எழுதிய ஒரு சொல் இல்லை. அதைத் தேட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அஜின்கோர்ட்டில், இருபது நிமிட ஓட்டத்தில், ஒரு அலுமாரிக்குள் இத்தனை வருடமும் இருந்திருக்கிறது.

அக்கா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "அப்பா எப்பவும் அமத்தித்தானே எழுதுவார்," என்றாள். நான் டோர்ச்சைப் பிடித்தபடியே நின்றேன். கை நோகும்வரை.

பிறகு கேட்டேன். "அத்தான், இதை எனக்குத் தாறியளோ?"

"விசரோ உனக்கு? கலியாணத் துண்டை ஆரும் குடுப்பினமோ?"

நியாயம்தான்.

"சரி. இதை மட்டும் ஏன் லமினேற் பண்ணாமல் விட்டனீங்கள்?"

"சூட்டுக்கு ஏதும் ஆகிப்போமெண்டு பயம்," என்றார்.

"என்ரை தாளுகளுக்கு அந்தப் பயம் வரேல்லையோ?"

கொஞ்சம் யோசித்தார். "உது வெள்ளைக்காரன்ரை பேப்பர். தாங்குமெண்டு நினைச்சன்."

என்ன செய்வது இந்த மனிதரை? அன்றைக்கு மத்தியானம் அங்கேதான் சாப்பிட்டேன். அத்தான் எனக்குப் பொரிச்ச மீன் இரண்டு துண்டு கூட வைத்தார். நானும் மறுக்கவில்லை. வெளிக்கிடும்போது அக்கா வாசல்வரை வந்து, "கோவமெல்லாம் போட்டுதே?" என்று கேட்டாள். போய்விட்டது என்று சொன்னேன்.

அக்காவிடம் சொன்ன அந்தப் பொய்யை உங்களிடமும் சொல்ல மனம் வரவில்லை.