பாதியில் சொன்ன ஆமென்

எங்கள் சபையில் ஜெபம் சீக்கிரம் முடிய வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாண வீட்டில் பிரியாணி அண்டாவைத் திறந்தாகிவிட்டது, பந்தியில் எல்லோரும் வெறும் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், "அவன எங்க? அவனப் பண்ணச் சொல்லு, ஒரே மூச்சுல முடிச்சிருவான்" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். இதை என் ஆவிக்குரிய வளர்ச்சிக்குக் கிடைத்த நற்சாட்சியாக நான் எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்ள என் மனைவி விடுவதும் இல்லை. ஆனாலும் இந்தத் தொழிலில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. ஏழு வயதிலேயே அடுத்தவர் ஜெபத்தை முடித்துவைத்தவன் நான்.

அப்போது அப்பா தூத்துக்குடி துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தார். கப்பலிலிருந்து மூட்டை இறங்க இறங்க நோட்டில் கோடு போட வேண்டும். நான்கு கோடு நேராக, ஐந்தாவது கோடு குறுக்கே. நாள் முழுக்க வெயிலில் நின்று கோடு போட்டுவிட்டு வருகிறவர் வீட்டில் அதிகம் பேசமாட்டார். கடவுளிடமும் அப்படித்தான். "இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஆமென்." அவ்வளவுதான். நான் கண்ணை மூடுவதற்குள் அவர் சோற்றைப் பிசைய ஆரம்பித்திருப்பார்.

அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். அத்தைக்கு இருபத்தொன்பது வயது. அந்த வயதை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் வந்து தட்டிப்போயிருந்தது. இரண்டுமே வந்து வீட்டைப் பார்த்த பிறகுதான் தட்டிப்போயின. அத்தையைப் பார்த்து யாரும் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டுச் சுவரையும் கூரையையும் பார்த்துவிட்டு, "சொல்லியனுப்புதோம்" என்று போனவர்கள் சொல்லியனுப்பவே இல்லை.

மூன்றாவதாக சாத்தான்குளத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அப்பா கிடையாது. முடிவெடுப்பது அவருடைய அம்மாதான். அந்த அம்மா தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகப் பேச்சு. அம்மா ஒரு வாரமாக அதே வேலையாக இருந்தாள். கோழிக்குச் சொல்லிவைத்தாள். விரிசல் விழுந்த சுவரில் காலண்டரை மாற்றி மாட்டினாள். விரிசல் நீளமாக இருந்ததால் இரண்டு காலண்டர் தேவைப்பட்டது. அதில் ஒன்று போன வருஷத்து காலண்டர்.

அந்த டீச்சரம்மா சனிக்கிழமை மத்தியானம் தனியாக வந்து வாசலில் நின்றார். அன்றைக்குக் கப்பல் இல்லாததால் அப்பாவும் வீட்டில் இருந்தார்.

"டவுன்ல ஒரு சோலி இருந்தது. நாளைக்கு எல்லாரும் கூட்டமா வருவோம்லா, அதுக்கு முன்னால பிள்ளைய ஒரு எட்டு பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்" என்றார். தடித்த கண்ணாடி, விறைப்பான கஞ்சி போட்ட சேலை, கையில் ஒரு துணிப்பை.

அத்தை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் ஓடினாள். அம்மா, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும் டீச்சர்" என்றாள். அது ஒரு மரியாதைக்குச் சொல்வது. இதற்கு, "ஐயோ, இப்பதான் சாப்பிட்டேன்" என்று பதில் சொல்ல வேண்டும். உலகமே அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. டீச்சரோ, "சரிம்மா, பசிக்கத்தான் செய்யுது" என்று சொல்லிவிட்டார்.

அடுப்படியில் அம்மாவும் அத்தையும் குசுகுசுவென்று பேசியதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன மதினி இருக்கு?"

"என்ன இருக்கு, சோறும் ரசமுந்தான். உங்க அண்ணன் சம்பளம் கையில வந்து எத்தன நாளாச்சு."

"ரசத்த எப்படி மதினி ஊத்த?"

"சோதிச்சுப் பாக்கத்தான்ளா சொல்லாம வந்திருக்காவ. இதுவும் போச்சுன்னா…" என்று ஆரம்பித்த அம்மா முடிக்கவில்லை. அத்தை முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் மேசைக்குச் சோறு வந்தது. ரசம் வந்தது. நடுவில் ஒரு பெரிய தட்டு, இன்னொரு தட்டால் மூடி வந்தது. டீச்சரும் நானும் அடுப்படியைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். அப்பா எங்களுக்கு எதிரே, அடுப்படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, நீங்க ஜெபம் பண்ணுங்க" என்றாள் அம்மா. "அவசரப்படாம, நல்லா நிறுத்திப் பண்ணுங்க." சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். பிறகு அந்த மூடிய தட்டைப் பார்த்தாள். அப்பாவும் தட்டைப் பார்த்தார். அந்தப் பார்வையை நானும் கவனித்தேன். தட்டுக்குள் ஏதோ பெரிய பலகாரம் இருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். அப்பா ஆரம்பித்தார்.

அப்படி ஒரு ஜெபத்தை அப்பா அதற்கு முன்னும் பண்ணியதில்லை, பின்னும் பண்ணியதில்லை. ஆகாரத்துக்காக நன்றி சொன்னார். மழைக்காக நன்றி சொன்னார். துறைமுகத்துக்காக, அங்கே வரும் கப்பல்களுக்காக, வர வேண்டிய கப்பல்களுக்காக, கப்பலில் இருப்பவர்களுக்காக, அவர்கள் குடும்பங்களுக்காக, கிரேன் ஓட்டுபவர்களுக்காக, பிறகு தனியாகக் கிரேனுக்காக. மூட்டை இறங்குவதுபோல் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே இருந்தது. என் வயிற்றில் சத்தம் கேட்டது. நான் ஒரு கண்ணைத் திறந்தேன்.

அம்மாவைக் காணவில்லை. அடுப்படி வழியாகப் பின்வாசல் தெரிந்தது. பின்வாசலுக்கு அந்தப் பக்கம் மதில். மதிலோரம் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் அத்தை நின்றுகொண்டிருந்தாள். இடுப்புக்கு மேலே மதிலுக்கு அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. அம்மா வாளி ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

ஜெப நேரத்தில் இரண்டு பேரும் விளையாடப் போய்விட்டார்கள்! டீச்சர் கண்ணைத் திறந்தால் நேரே அத்தைதான் தெரிவாள். கல்யாணப் பெண் வாளியில் ஏறி நிற்பதைப் பார்த்தால் யார் கட்டிக்கொள்வார்கள்? இந்த ஆபத்து தெரியாமல் அப்பா மறுபடி மழைக்கே வந்து சேர்ந்திருந்தார். மழைக்கு ஏற்கெனவே நன்றி சொல்லியாகிவிட்டது. மழை முடிந்து திரும்பவும் கிரேன் வந்தது. அப்பாவின் நெற்றி வேர்த்து ஒழுகியது.

அப்போதுதான் எனக்கு உண்மை விளங்கியது. அப்பாவுக்கு நீளமான ஜெபம் பண்ணிப் பழக்கமில்லை. ஆரம்பித்துவிட்டார், எப்படி முடிப்பதென்று தெரியவில்லை. சைக்கிளில் ஏறத் தெரிந்து இறங்கத் தெரியாமல் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்த அனுபவம் எனக்கு இருந்தது. அன்றைக்கு யாராவது பிடித்து நிறுத்தமாட்டார்களா என்று நான் அழுதிருக்கிறேன். பெற்ற தகப்பனை அந்த நிலைமையில் விடக்கூடாது என்று தீர்மானித்தேன்.

ஞாயிறு பள்ளியில் எனக்குப் பரிசு வாங்கித்தந்த அதே குரலில், "ஆமென்!" என்றேன்.

அப்பா, "வெளிச்ச வீட்டுக்கா…" என்று கலங்கரை விளக்கத்துக்கு வந்த இடத்தில் நின்றுபோனார். டீச்சர் கண்ணைத் திறந்தார். எனக்கு இருந்த பசியில், யாரும் எதுவும் சொல்வதற்குள் நடுத்தட்டின் மூடியைத் தூக்கிவிட்டேன்.

தட்டில் ஒன்றுமே இல்லை.

டீச்சர் காலித் தட்டைப் பார்த்தார். தலையைத் தூக்கி எதிரே அடுப்படிப் பக்கம் பார்த்தார். ஆனால் கண்ணாடி மேசைமேல் இருந்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்கு என்ன தெரியும் என்று நான் தைரியமாகவே இருந்தேன்.

"ஏலே, ஆமென் சொல்லிட்டியா? நல்லது" என்றார் டீச்சர். என் கையிலிருந்த மூடியை வாங்கித் தட்டை மூடினார். "அப்பா ஜெபம் முடிஞ்சுது. இனிம நான் பண்ணணும்லா. கண்ண மூடு."

"அம்மா, நீங்க எதுக்கு சிரமப்பட்டு…" என்றார் அப்பா.

"நீங்களும் மூடுங்க தம்பி" என்றார் டீச்சர்.

அப்பாவுடையதாவது தெரியாமல் நீண்ட ஜெபம். இது வேண்டுமென்றே நீண்டது. சாத்தான்குளத்தில் பஸ் ஏறியதிலிருந்து ஆரம்பித்தார். இடம் போட்டுக்கொடுத்த கண்டக்டருக்காக நன்றி சொன்னார். ஜன்னலோரத்துக்காக நன்றி சொன்னார். நாசரேத் வந்தது, அங்கே ஏறியவர்களுக்காக நன்றி, இறங்கியவர்களுக்காக நன்றி. குரும்பூர் வந்தது. ஆறுமுகநேரி வந்தது. ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால்களுக்காக நிறுத்தி நன்றி சொன்னார். முக்காணிப் பாலத்தில் ஆற்றுத் தண்ணீருக்காக இன்னும் நிறுத்தினார். பஸ் நகரவே மாட்டேன் என்றது. நான் மனதுக்குள் டீச்சரை இறக்கிவிட்டு பஸ்ஸைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

பழையகாயல் தாண்டும்போது அடுப்படியில் அவசரமான காலடிச் சத்தம் கேட்டது. வளையல் சத்தம். எனக்கு நேரே யாரோ மூச்சு வாங்கினார்கள். மேசையில் தட்டு மெதுவாக நகர்ந்தது. பொரித்த மீன் வாசம் மூக்கில் ஏறியது.

பழையகாயலுக்கு அப்புறம் உப்பளம் எவ்வளவு தூரம் கிடக்கிறது! டீச்சர் அதையெல்லாம் விட்டுவிட்டு, ஒரே தாவில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, "எல்லாத்துக்காகவும் ஸ்தோத்திரம், ஆமென்" என்று முடித்தார்.

மூடியைத் திறந்தால் விளைமீன். பெரிய பெரிய துண்டாகப் பொரித்தது. பக்கத்தில் ஒரு சட்டிக் குழம்பு. அது பக்கத்து வீட்டு மீன் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் அவ்வளவு முட்டாள் இல்லை. டீச்சருக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை, பாவம், கண்ணை மூடிக்கொண்டு ஏமாந்துவிட்டார் என்று நினைத்து, வாயைத் திறக்காமல் பெரிய மனுஷன்போல் உட்கார்ந்திருந்தேன். இருப்பதிலேயே பெரிய துண்டை டீச்சர் எடுத்து என் தட்டில் வைத்தார்.

"நல்லா சாப்பிடுலே. ஆமென் சொன்ன வாயாச்சே."

என் சேவைக்கு உடனே பரிசு கிடைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவ டீச்சர் பின்பக்கம் போனார். துணிப்பையையும் தோளில் மாட்டிக்கொண்டார். செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நான் கூடப் போனேன். மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுச் சித்தப்பா படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சங்கு குளிக்கப் போகிறவர். விடியற்காலையில் வள்ளத்தில் போய், மூச்சைப் பிடித்து முங்கி முங்கி எழுந்து, மதியம் கரைக்கு வருவார். கடலிலிருந்து வந்த உடம்புக்கு எவ்வளவு சோறு போட்டாலும் காணாது என்று சித்தி சொல்வாள். அன்றைக்கு அவர் தட்டில் சோறும் ஓரத்தில் கொஞ்சம் ஊறுகாயும் மட்டும் இருந்தது.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மதிலோரம் போய் நின்றார்.

"என்ன தம்பி, கடலுக்குப் போயிட்டு வந்து வெறுஞ்சோத்தத் திங்கிய?"

சித்தப்பா சிரித்தார். "இன்னைக்கு மீனு வாய்க்கு ஒத்துக்கிடல டீச்சரம்மா."

"எனக்கு ஒத்துக்கிட்டது தம்பி" என்றார் டீச்சர். "ரொம்ப நல்லா ஒத்துக்கிட்டது."

துணிப்பைக்குள் கையை விட்டு ஒரு பனையோலைக் கொட்டானை எடுத்தார். அது நிறையச் சில்லுக்கருப்பட்டி. சுக்கு வாசம் எனக்கு இரண்டடி தள்ளி நின்றபோதே வந்துவிட்டது. கதவோரம் நின்ற சித்தியைக் கூப்பிட்டு, அதை அப்படியே மதிலுக்கு மேலே நீட்டினார்.

"எங்களுக்கு எதுக்கு டீச்சர்?" சித்தி பின்னால் நகர்ந்தாள். "அவிய வீட்டுக்குன்னு கொண்டாந்திருப்பிய. அங்கன பிள்ளைக்குக் குடுங்க."

"சாப்பாடு போட்ட வீட்டுக்குன்னு கொண்டாந்ததுதான். வாங்குங்க."

சித்தி வாங்கிக்கொண்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் பின்வாசலில் அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவுக்குப் பின்னால் அத்தை. அத்தை அழப்போகிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. "டீச்சர்…" என்றாள் அம்மா.

டீச்சர் படியேறி வந்து அத்தையின் கையைப் பிடித்தார். "கை என்ன இப்படிச் சிராய்ச்சிருக்கு? மஞ்சள் வச்சுவிடும்மா" என்றார் அம்மாவிடம். பிறகு உள்ளே வந்து அப்பாவிடம், "நாளைக்கு மகனக் கூட்டிட்டு வாரேன் தம்பி. அடுத்த ஞாயித்துக்கிழமையே கோயில்ல ஓலை வாசிக்கச் சொல்லிருவோம்" என்றார்.

ஓலை என்றால் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசிக்கும் அறிவிப்பு. அதை ஒருமுறை வாசித்துவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது. அப்பா எழுந்து நின்றார். அம்மா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கல்யாணம் கூடி வந்ததற்கு யாராவது அழுவார்களா? சில்லுக்கருப்பட்டி போனதற்குத்தான் அழுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. எனக்கே அழுகை வந்துகொண்டிருந்தது.

டீச்சரை பஸ் ஏற்றிவிட்டு வந்த அப்பாவிடம் ஓடினேன்.

"அப்பா, அந்த டீச்சர் வீட்ட மாத்திக் குடுத்துட்டாவ. நம்ம வீட்டுலதான சாப்பிட்டாவ? சாப்பாடு போட்ட வீடுன்னு சொல்லிட்டு, கருப்பட்டிய அந்த வீட்டுல குடுத்துட்டாவப்பா."

"சும்மா இருலே" என்றார் அப்பா. ஆனால் கோபமாகச் சொல்லவில்லை. என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். ஏழு வயசுப் பையனை அவர் தூக்கி ரொம்ப நாளாகியிருந்தது.

எனக்கு அது சமாதானமாகவில்லை. சாப்பிட்ட கை காய்வதற்குள் எந்த வீட்டில் சாப்பிட்டோம் என்பதை மறந்துபோகிற ஒரு அம்மா. அவரை நம்பி அத்தையை அனுப்புகிறார்களே, ஆராதனை முடிந்து கூட்டத்தோடு வெளியே வரும்போது சொந்த வீட்டுக்குத்தான் கூட்டிப்போவார் என்று என்ன நிச்சயம்? பெரியவர்கள் யாருக்கும் இந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. கல்யாணம் வரைக்கும் நான் ஒருவன்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.