ஆறு யப்பான் சொற்களும் ஒரு விளைமீனும்

ஆறு சொல் பாடமாக்கினேன், ஆறும் உதவவில்லை. சமையல்காரனின் வாய்க்கு உப்புப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை என்று நாற்பது வருடம் நினைத்திருந்தேன். அடுப்படியில் நிற்பவர்களே, உங்களுக்கும் இப்படி ஒருநாள் வரும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன விடுதியில் சமைக்கிறேன். குடிநீர் வேலை பார்க்க வந்த யப்பான்காரர் ஒருவர் மூன்று மாதம் தங்க வந்தார். வயதானவர், வயிறு சரியில்லாத வருத்தக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இங்கிலிஷும் தெரியாது. முதலாளி போனில் பார்த்து ஆறு சமையல் சொற்களை எழுதித் தந்தார். "அண்ணை, அந்தாள் சாப்பிடாட்டி நான் கொழும்பிலையிருந்து வேறை சமையல்காரனை எடுக்கவேணும். குறை நினையாதேங்கோ."

விளைமீன்

தாளில் யுதெரு என்றால் அவித்தல். முசு என்றாலும் அவித்தல். நாங்கள் முட்டையும் அவிப்போம், புட்டும் அவிப்போம். அவர்களுக்குத் தண்ணீரில் வேகிறது வேறு, ஆவியில் வேகிறது வேறு. எனக்கு யார் சொன்னது?

அவர் விளைமீனைக் காட்டி "முசு" என்றார். கொதிநீரில் போட்டேன். மீன் கரைந்து முள்தான் மிஞ்சியது. வெறும் சோற்றைத் தின்று, குனிந்து வணங்கிவிட்டுப் போனார். மீன் வெட்டவும் சட்டி கழுவவும் வருகிற குருநகர் றீற்றா அவர் சாப்பிட்ட கோப்பையைப் பார்த்தாள். "அண்ணை, இது வருத்தக்காரனுக்குச் சமைச்சதோ, வருத்தம் வரச் சமைச்சதோ?"

வரிசை

சின்ன வயதில் தேவாரம் பாடமாக்கியது போலத்தான் இதையும் பாடமாக்கினேன். முதலிலிருந்து சொன்னால் வரும். நடுவில் ஒன்றை உருவினால் வராது.

மறுநாள் அவர் நான் சமைக்கிற குசினி வாசலில் வந்து நின்று "நிரு" என்றார். நான் தாளின் முதல் சொல்லான யாகுவில் தொடங்கினேன். அகெரு, இதமெரு என்று போய், நடுவில் தடக்கி, திரும்பவும் யாகு. மனிசன் அசையாமல் நின்று கேட்டது. கடைசியில் பொரித்த மீனை வைத்தேன். தேத்தண்ணியை மட்டும் குடித்தார். றீற்றா சொன்னாள்: "செபமாலை முடிஞ்சுதெண்டால் மனிசனுக்குச் சோறு போடுங்கோ, அண்ணை."

வெண்கட்டி

நாலாம் நாள் முதலாளி கொழும்புக்குக் கதைத்துவிட்டார். திங்கட்கிழமை புது ஆள் வரும் என்றார்.

றீற்றா மீன் கையோடு போய் அந்த மனிசரைக் குசினிக்குள் கூட்டி வந்தாள். என் தாளிலிருந்த சொற்களை அவருக்கு வாசித்து, சட்டி பானைகளைக் காட்டினாள். அவருக்கு விளங்கிவிட்டது. முசு என்று புட்டுப்பானையைத் தொட்டார். நிரு, கறி காய்ச்சுகிற மண்சட்டி. அகெரு, பொரிக்கிற தாச்சி. யாகு, தோசைக்கல். யுதெரு, முட்டை அவிக்கிற பானை. இதமெருவுக்கு அகப்பையை எடுத்துத் தாச்சிக்குள் கிண்டிக் காட்டினார். வாசல் பலகையில் அன்றைய கறி எழுதும் வெண்கட்டியால், கரிப்பிடித்த பாத்திரங்களில் றீற்றா அந்தந்தச் சொல்லை எழுதினாள்.

அன்று மத்தியானம் விளைமீன் புட்டுப்பானையில் வெந்தது. அவர் முள்ளை மட்டும் வைத்துவிட்டு, கோப்பையைத் தானே குசினிக்குக் கொண்டுவந்து, நீளமாக ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று றீற்றாவைக் கேட்டேன். "உதுக்கும் தாள் வேணுமோ? கோப்பையைப் பாருங்கோ."

கொழும்பு ஆள் வரவில்லை; நாற்பது வருடச் சமையல்காரனை இன்றைக்கும் அடுப்படியில் வைத்திருப்பவள், அந்த எழுத்து அழியாமல் சட்டி கழுவுகிற குருநகர் றீற்றா.