வரதராசா பேசாத குரல்

எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் எனக்கு அடுத்த வீடு வரதராசாவுடையது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவர் புதுக்கடை நீதிமன்றத்தில் கிளாக்கர். நல்ல மனிதர்தான், ஆனால் கொஞ்சம் மறை கழன்ற ஆள். செத்தவர்களின் குரலில் மட்டும் அச்சொட்டாகப் பேசிக் காட்டுவார். உயிரோடு இருப்பவர்களைச் செய்யச் சொன்னால், "அவையிட்ட குரல் இருக்குத்தானே, நான் என்னத்துக்கு?" என்பார்.

எண்பத்தைந்தில், எங்கள் ஒழுங்கைக் கனகசபாபதி செத்த முப்பத்தோராம் நாள் சாப்பாடு. பந்தியில் இருந்த வரதராசா செத்தவரின் குரலில், "கொழுந்து, சாம்பாருக்கு உப்புக் காணாது" என்றார். கனகசபாபதியின் மனைவி சிவக்கொழுந்து "இந்தா வாறன்" என்று உப்புப் போத்தலோடு குசினியிலிருந்து ஓடி வந்தாள். வந்து, இலைகளையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தபடி நின்றாள். அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

நாங்கள் மரியாதையான ஆட்கள். ஒருவரும் அவர்மேல் கை வைக்கவில்லை. கலியாணம், செத்தவீடு என்று ஒரு நன்மை தின்மைக்கும் அவருக்குச் சொல்லாமல் விட்டோம், அவ்வளவுதான். ஒழுங்கைச் சங்கத் தலைவர் இராசரத்தினம் போட்ட சட்டம் அது. நாங்கள் பட்டுவேட்டியோடு கலியாண வீடுகளுக்குப் போவதை இரண்டு வருடம் வரதராசா சன்னலில் நின்று பார்த்தார். மன்னிப்புக் கேட்கிறேன் என்று என் மூலம் மூன்று தடவை சொல்லியனுப்பினார்.

பிறகு ஒரு ஞாயிறு காலை இராசரத்தினம் என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். வரதராசா கதிரையைத் துடைத்துப் போட்ட வேகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. இராசரத்தினத்தின் மகன் சுகிர்தன் எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தன்று வேலைக்குப் போனவன்; திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவன் குரலில் ஒரே ஒரு தரம் அப்பா என்று கூப்பிட வேண்டுமாம். அதன்பிறகு எல்லாப் பந்தியிலும் வரதராசாவுக்கு இடம் உண்டாம்.

வரதராசா கதிரை துடைத்த துணியை மடித்து வைத்தார்.

"அவன் செத்ததெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்றார்.

இராசரத்தினம் எழுந்து போய்விட்டார். வரதராசா சாகும்வரை ஒருவரும் அவரை எதற்கும் கூப்பிடவில்லை.

அந்த ஞாயிறு பின்னேரமே வரதராசா தன் குளியலறைக் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளே, சுவருக்கு அந்தப் பக்கம், சுகிர்தன் "அப்பா" என்று கூப்பிட்டான். திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். இராசரத்தினத்திடம் இன்றுவரை நான் இதைச் சொல்லவில்லை.