ஓடையில் ஒரு மெத்தை

ஓடையைச் சுத்தம் செய்யும் வேலையில், முடிந்தது என்று கையை உதறவே முடியாது. பாத்திரம் கழுவி நிமிர்வதற்குள் அடுத்த தட்டு வந்து விழும் வீட்டில் இருப்பவர்களுக்கு என் எரிச்சல் புரியும். பெரம்பலூர் டவுனுக்குள் ஓடும் ஓடையில் தூர்வாரும் ஆட்களுக்கு நான் சூப்பர்வைசர்.

கோழி இறகு

அள்ளி முடித்த மறுநாள் காலை அதே இடத்தில் கோழிக்கடைக்காரர் மூட்டையோடு நின்றார். என்னைப் பார்த்ததும், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி அதைக் கரையில் இறக்கி வைத்தார். மூட்டை சரிந்து உள்ளே போய்விட்டது.

"நான் கொட்டல சார். ஓரமாத்தான் வச்சேன், அதுவா எறங்கிடுச்சு."

பாலத்தடி வீடு

ஓடை ரோட்டைக் கடக்கும் சின்னப் பாலத்தின் அடியில் தண்ணீர் போகும் குழாய் அடைத்தால், முதலில் தண்ணீர் ஏறுவது விஜயா அக்கா வீட்டில்தான். போன மழையில் அடுப்படி வரை சாக்கடை வந்தது. இந்த முறை மகள் கைக்குழந்தையோடு அங்கே இருக்கிறாள். அதனால் தினமும் என்னைப் பிடித்துத் திட்டுவார். ஒருநாள் திட்டிக்கொண்டே காய்கறித் தோலை ஓடையில் கவிழ்த்தார். இது என்ன என்று கேட்டேவிட்டேன்.

"இது தூளு சார், குழாய்ல போயிடும். மேலேருந்து பெருசு பெருசா வருதே, அத நிறுத்துங்க."

துக்க வீடு

அவர் சொன்ன பெருசு, மெத்தை. ஒருவர் இறந்துபோனால் அவர் படுத்திருந்த மெத்தை, தலையணையைத் தண்ணீரில் விட்டுவிடுவது வழக்கம். டவுனில் ஆறு ஏது, ஓடைதான். துக்க வீட்டில் சண்டை போட மனசு வராது. ஆனாலும் ஒரு வீட்டில் கேட்டேன், காய்ந்து கிடக்கும் ஓடையில் போட்டால் எப்படிப் போகும் என்று.

"மழை வராமயா போயிடும் சார்?"

வந்த மழை

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் கொட்டித் தீர்த்தது. குழாய் அடைத்து, கறுப்புத் தண்ணீர் விஜயா அக்காவின் வாசற்படியைத் தாண்டிவிட்டது. மகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாள். ஆட்களோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி இழுத்தேன். வந்தது நீலப்பூ போட்ட மெத்தை. மூலையில் என் மனைவி தைத்த ஒட்டு.

போன வாரம் எங்கள் வீட்டில் இறந்துபோன பெரியப்பாவின் மெத்தை அது. அதை அப்புறப்படுத்தும் வேலையைச் செந்துறையிலிருந்து வந்த மச்சினனிடம் விட்டிருந்தேன். கரையேறியதும், கையெல்லாம் சேறு என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டு அவனைக் கேட்டேன். பக்கத்தில் விஜயா அக்கா நின்றிருந்தார்.

"ஆமா மாமா, ஓடைலதான் போட்டேன். எப்படியும் நீங்கதான அள்ளப் போறீங்க."

இப்போதெல்லாம் மேகம் கறுத்தால் விஜயா அக்கா குழாயைப் பற்றிக் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றுதான் விசாரிக்கிறார்.