மாங்காடு ஆரோக்கியசாமி என்று ஒருவர்

இன்று ஆவடி லோக்கலில், நான் பல வருஷமாக வாங்கும் உலக அரசியல் பத்திரிகையின் பொன்விழா மலரைப் படித்துக்கொண்டு வந்தேன்.

பக்கத்து சீட் பெரியவர் எட்டிப் பார்த்தார். "பத்திரிகையோட வரலாறுன்னு போட்டிருக்கான். அங்கயே வேலை பார்த்த என் பேரைக் காணோம்."

ஆசையாகக் கேட்டேன். "வாசகர் கடிதம் எழுதுவாரே, மாங்காடு ஆரோக்கியசாமி, அவரைத் தெரியுமா சார்?"

சிரித்தார். "அப்படி ஒரு ஆளே கிடையாதுப்பா. பக்கம் சூடா இருக்கணும்னு அந்தப் பேர்ல நான்தான் எழுதுவேன். அண்ணனூர்லேர்ந்து ஒருத்தர் மட்டும் விடாம பதில் கடிதம் போட்டு சண்டைக்கு வருவாரு."

அந்த ஒருத்தன் நான்தான். சொல்லாமல் அண்ணனூரில் இறங்கிவிட்டேன்.

மாங்காடு கோயிலுக்குப் போகும்போதெல்லாம் ஆரோக்கியசாமி வீடு எது என்று விசாரித்திருக்கிறேன். இத்தனை வருஷம் நான் சண்டை போட்டது ஒரு ஆபீஸ் மேஜையோடு.

மாங்காட்டில் நிஜமாகவே ஆரோக்கியசாமி யாராவது இருந்தால் சொல்லுங்கள். பாலஸ்தீனம் பற்றி அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை.